பிடித்த திகதி தெரியாத மீன்: கடற்றொழில் அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

மாளிகாவத்தையில் இருக்கும் கடற்றொழில் அமைச்சின் கௌரவ அமைச்சருக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். நான் கொட்டாஞ்சேனைவாசி. அண்மையில் ஒரு நாள் சந்தையில் கெலவல்லா (மஞ்சள் துடுப்புச் சூரை மீன்) துண்டு வாங்கினேன். பார்வைக்கு நல்ல சிவப்பு. குழம்பு வைத்துச் சாப்பிட்டதும் நாக்கு எரிந்தது, அம்மாவுக்கு முகம் தடித்துவிட்டது. சூரை வகை மீனைப் பிடித்த பிறகு போதிய குளிரில் வைக்காவிட்டால் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை போல உடம்பைத் தாக்கும் பொருள் உண்டாகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. விற்றவரோடு சண்டை பிடிக்க மனம் வரவில்லை. அவர் கைக்கு வரும்போதே அந்த மீனுக்கு வயதாகியிருக்கும்.

பலநாள் படகு வாரக்கணக்கில் கடலில் நிற்கிறது. முதல் வாரம் பட்ட மீன் ஐஸுக்குள் கிடக்கும். நாளாக நாளாக ஐஸ் கரையும். கடைசி நாட்களில் பட்டது ஏற்றுமதிக்காரரிடம் போய்விடும். மிச்சம் நமக்கும் கருவாட்டு வாடிக்கும். கடலிலிருந்து எடுத்தது இரண்டும் ஒரே மீன்தான், கிடைக்கும் காசுதான் வேறு. அந்த நட்டத்தைப் படகுக்காரர் எப்படி ஈடுகட்டுவார்? இன்னும் கூடப் பிடித்துத்தான். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்த பிறகுதான் முதலாளிக்கும் ஆட்களுக்கும் பங்கு. அதனால் செலவு ஏற ஏற பயணம் நீள்கிறது, பயணம் நீள மீன் பழுதாகிறது. இதற்குள் மானியம் கொடுத்து மலிவு டீசலை ஊற்றினால் படகு இன்னும் தூரம் போகும், அவ்வளவுதான்.

கெலவல்லா அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டு இருப்புக் குறைந்துவிட்டதாக இந்து சமுத்திரச் சூரை ஆணைக்குழு 2015 இல் சொன்னது. தூரம் போனால் மீன் கூடும் என்ற கணக்கு எப்போதும் சரிவராது.

மானியமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 2022 ஓகஸ்டில், சின்னப் படகுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ஆனபோது சின்னப் படகுக்காரர் எத்தனை பேர் கரையில் குந்தியிருந்தார்கள்! காலையில் போய் மதியம் திரும்பும் அவர்கள் மீன் பழுதாவது குறைவு. அவர்களுக்கு உதவுங்கள். பலநாள் படகுக்கு உதவுவதென்றால் அந்தக் காசு ஐஸ் அறைக்குப் போகட்டும்: நல்ல காப்பிட்ட அறை, முடிந்தால் குளிரூட்டும் இயந்திரம். கூடுதலாக மீன் பிடிக்காமலே வருமானம் கூட்டும் வழி எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

அப்புறம் ஒரு சின்னக் காரியம். 2015 இல் ஐரோப்பிய ஒன்றியம் நம் மீனுக்குக் கதவைச் சாத்தியது. 2016 இல் அது திறப்பதற்குள் ஆழ்கடல் படகுகளில் கண்காணிப்புக் கருவி பொருத்தவும், பிடிப்பைப் பதிவேட்டில் ஒழுங்காக எழுதவும் வேண்டியதாயிற்று. ஆக, எந்த மீன் எந்த நாளில் பட்டது என்பது எங்கோ ஒரு கொப்பியில் இருக்கிறது. வெளிநாட்டுக்காரனுக்காக எழுதிய அந்தத் திகதி, உள்ளூர்க்காரன் வாங்கும் பெட்டியில் மட்டும் இல்லை.

அதைப் பெட்டியில் ஒட்டச் செய்யுங்கள். முதலில் பேலியகொடை மொத்த மீன் சந்தையில், கெலவல்லாவுக்கு மட்டும், ஆறு மாதம் பாருங்கள். நாலு நாள் மீனுக்கும் இருபது நாள் மீனுக்கும் வேறு வேறு விலை விழட்டும். படகு எப்போது திரும்ப வேண்டும் என்பதை முதலாளிமாரே கணக்குப் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையிலிருந்து மீன் வாங்குபவன்