பரிவு எங்கே கிடைக்கும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பற்றிப் படத்துடன் செய்தி வந்திருந்தது. தேசிய தரச்சான்றுக்காக ஆய்வு செய்ய வந்த குழுவினர், 'நோயாளிகளிடம் காட்டப்படும் பரிவைப் பாராட்டினர்' என்று முடித்திருந்தீர்கள். அந்தப் பரிவை அன்று காலை ஒன்பதரை மணிக்கு வாசலில் நின்று நானும் என் மனைவியும் அனுபவித்தோம்.

அவளைத் தெருநாய் கடித்து அன்றைக்கு ஏழாம் நாள். நாய்க்கடி ஊசிக்கு நாள் கணக்கு உண்டு என்பது தாங்கள் அறியாததல்ல. முதல் ஊசி போட்ட பிறகு 3, 7, 28 என்று எண்ணிப் போட வேண்டும். "இன்னைக்கு டீம் வர்றாங்க, நாளைக்கு வாங்கம்மா" என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். சரி என்று மறுநாள் போனோம். ஊசியும் போட்டார்கள். சீட்டில் மட்டும் முந்தைய நாள் தேதி! ஏன் என்று கேட்டதற்கு, "ரிஜிஸ்டர் சரியா இருக்கணும்ல ஐயா" என்று பதில்.

நான் 29 வருடம் ரேஷன் கடையில் விற்பனையாளராக இருந்தவன். ரிஜிஸ்டர் சரியாக இருப்பதற்கும் மூட்டை சரியாக இருப்பதற்கும் உள்ள தூரம் எனக்குத் தெரியும். தேதி சொல்லிவிட்டு வரும் அதிகாரியைப் பற்றி நாங்கள் கவலைப்பட்டதே கிடையாது. தராசைத் துடைத்து, விலைப்பலகையில் சாக்பீஸால் புதிதாக எழுதிவிட்டுக் காத்திருப்போம். சொல்லாமல் வருகிற ஒருவர் இருந்தார். அவர் கடைக்குள்ளேயே வரமாட்டார். தெருமுனையில் நின்று, அரிசி வாங்கிப் போகும் பெண்ணை நிறுத்தி, பையைத் திரும்ப எடை போடுவார். எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது அவரைக் கண்டால்தான்.

என் மருமகள் வேறு மாவட்டத்தில் அரசு நர்ஸ். இந்தத் தரச்சான்று ஆய்வில் எட்டுப் பிரிவுகள், நூற்றுக்கு 70 எடுத்தால் தேர்ச்சி, சான்று 3 வருடம் செல்லும் என்று அவள்தான் சொன்னாள். கண்ணால் பார்ப்பது, ஊழியரைக் கேட்பது, பதிவேட்டைப் புரட்டுவது, நோயாளியைக் கேட்பது என்று சோதிக்க நாலு வழி வைத்திருக்கிறார்களாம். நல்ல ஏற்பாடு. அன்றைக்குக் கேட்கப்பட்ட நோயாளிகள் யார் யார் என்று ஊரில் விசாரித்தேன். அதில் ஒருவர் வாட்ச்மேனின் மச்சினி. அவருக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆண்டவன் புண்ணியத்தில் நன்றாகவே இருக்கிறார்.

இதற்கு முன்னால் காயகல்ப் விருதுக்கும் இப்படித்தான். 2015-ல் மத்திய அரசு தொடங்கிய தூய்மை விருது அது. காயகல்பம் என்றால் மூப்பு அண்டாமல் இருக்கச் சித்தர்கள் சொன்ன மருந்து. எங்கள் ஊரில் அதைச் சாப்பிட்டது கட்டடம் மட்டும்தான். வெள்ளையடித்தார்கள், நர்சரியிலிருந்து பூந்தொட்டிகள் வந்தன, மறுவாரமே திரும்பிப் போயின. கைகழுவும் இடத்துச் சோப்பும் அதே வண்டியில் ஏறிவிட்டது போலிருக்கிறது. மருத்துவக் கழிவுக்கென்று மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என நாலு நிறத் தொட்டிகள் வைத்தார்கள். ஊசி போட்ட பஞ்சு விழ வேண்டிய மஞ்சள் தொட்டியில் இப்போது டீ கப் கிடக்கிறது.

நர்ஸம்மாக்களை நான் குறை சொல்லவில்லை. பிரசவம் பார்க்கிறவரே எழுந்து வந்து ஊசியும் போட்டால் யாருக்குத்தான் சிடுசிடுப்பு வராது? ஆனால் சுகர் மாத்திரையை அட்டையோடு தராமல் உதிர்த்து, பழைய சீட்டைக் கிழித்துப் பொட்டலம் கட்டித் தருகிறார்களே, அதற்கு என்ன சமாதானம்? வெள்ளையாக, ஒரே அளவில் இரண்டு வகை. எது காலை, எது இரவு, எது காலாவதி என்று எங்கள் வயதில் எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது? இதை எழுதி இரண்டு வருடத்துக்கு முன்பே உங்களுக்கு ஒரு கடிதம் போட்டேன். வெளியாகவில்லை. இடநெருக்கடி இருந்திருக்கும். பூந்தொட்டிப் படத்துக்கு அரைப்பக்கம் கிடைத்ததில் மகிழ்ச்சி.

ஆய்வே வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லாமல் வரட்டும். மாலை நாலு மணிக்கு மேல், டாக்டர் நாற்காலி காலியாக இருக்கும்போது வரட்டும். உள்ளே போவதற்கு முன், வெளியே வருகிறவர் பையைத் திறந்து பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கட்டும். இதெல்லாம் பெரிய இடத்துச் சமாச்சாரம், உங்களால் ஆகாது என்று தெரியும்.

உங்களால் ஆகக்கூடியது ஒன்று. உங்கள் நிருபர் அடுத்த முறை போகும்போது, அங்கே சுவரில் மாட்டியிருக்கும் புகார்ப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். ஒரு வருடமாகக் கேட்கிறேன், ஆளுக்கு ஆள் கையைக் காட்டுகிறார்கள். என்னுடைய மூன்று கடிதங்கள் அதற்குள் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரேஷன் கடை விற்பனையாளர்

(பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம். 28-ஆம் நாள் ஊசி இன்னும் பாக்கி இருக்கிறது.)