கிரிலுக்குள் ஜாதிமல்லி

செம்பூர்,
மே 24

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ போன் எடுக்கவில்லை என்று கோபமெல்லாம் இல்லை. வேலை இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

நீ வைத்துவிட்டுப் போன ஜாதிமல்லி மேல்வீட்டு கிரிலைத் தொட்டுவிட்டது. அவர்கள் துணி காயப்போடும் இடம், வெட்டிவிடுங்கள் என்றார்கள். எனக்கு மனசு வரவில்லை. ஆனால் உயரம் ஓடியதே தவிர, போன வருஷம் நுனியில் பூத்தது ஒரு கைப்பிடிதான். வெள்ளிக்கிழமை பூவுக்கு மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம்தான் போனேன்.

அப்போதுதான் நீ பன்னிரண்டாவதில் சத்தம் போட்டுப் படித்தது ஞாபகம் வந்தது. நுனியில் சுரக்கிற ஆக்சின் என்கிற வளர்ச்சி ஹார்மோன் கீழே இறங்கி, கணு மொட்டுகளை எழும்ப விடாது. நுனியைச் சாய்த்தால் அவை கண் திறக்கும். நான் மாவு அரைத்துக்கொண்டே கேட்டது. பயாலஜியில் நீ 89 வாங்கினாய், இந்த பில்டிங்கில் வேறு யாரும் வாங்கவில்லை.

சரி, படுக்க வைக்கலாம் என்று இறங்கினேன். அப்பா ஆணியைச் சூடு பண்ணித் தொட்டி விளிம்பில் நாலு ஓட்டை போட்டுக் கொடுத்தார். முதலில் அடித்தண்டை எதிர்ப்பக்கம் ஒரு கட்டு கட்ட வேண்டும், இல்லாவிட்டால் இழுக்கிற இழுப்பில் வேர் ஆட்டம் கண்டுவிடும். கம்பி ஆகாது, தண்டை அறுக்கும். என் பழைய சுங்குடிப் புடவையை நாடாவாகக் கிழித்து, ஒரு விரல் நுழையும்படி தளர்வாகக் கட்டினேன். தண்ணீர் ஊற்றிய கையோடு வளைக்கக் கூடாது. தண்டு விறைத்து நிற்கும். மத்தியானம் மண் காய்ந்து இலை லேசாகத் துவளும்போது சொன்னபடி கேட்கும். ஒரே நாளில் முழுக்க வளைக்காமல், மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக.

பச்சைத் தண்டுகள் அப்படியே படிந்துவிட்டன. மறுநாளே நுனி திரும்பி வெளிச்சத்தைப் பார்த்தது. முற்றின தண்டு ஒன்றைத்தான் அவசரப்பட்டு அழுத்தினேன். டப்பென்று விரிசல் விட்டுவிட்டது. தோல் அறவில்லை, சேர்த்துப் பிடித்து டேப் சுற்றியிருக்கிறேன்.

பாப்பா, பிப்ரவரியில் ராத்திரி இரண்டு மணிக்கு நீ கூப்பிட்டாய். "அம்மா, நான் வந்துவிடட்டுமா" என்றாய். நான் தூக்கக் கலக்கத்தில் சொன்னதாக நீ நினைத்திருக்கலாம். இல்லை, நன்றாக விழித்துக்கொண்டுதான் சொன்னேன், கொஞ்சம் அனுசரித்துப் போ என்று. மாப்பிள்ளை என்ன செய்தார் என்றுகூடக் கேட்கவில்லை. சித்தி என்ன சொல்வாள், சொசைட்டியில் என்ன பேசுவார்கள், அதுதான் என் தலையில் ஓடியது. அதற்கப்புறம் நீ பேசவே இல்லை. என் தப்பு. அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது.

ஜூனில் மழை வந்துவிடும். படுத்த தண்டில் இதுவரை ஏழு கணு துளிர்த்திருக்கிறது.

உன் அலமாரியைக் காலி பண்ணி வைத்திருக்கிறேன். டிக்கெட்டுக்கு யாரையும் கேட்க வேண்டாம், என்னிடம் பணம் இருக்கிறது. எந்த நேரமானாலும் கூப்பிடு. நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா