விரலில் போட்ட கட்டு

பொறையார்,
ஐப்பசி 27

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் என் விரல் கட்டைப் பார்த்துவிட்டு என்ன ஆச்சு என்று கேட்டாய். அரிவாள்மனை பட்டுவிட்டது என்றேன். அம்மாவும் ஒன்றும் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்த வீட்டில் நான் என்றைக்கு அரிவாள்மனையில் உட்கார்ந்தேன்? உனக்கும் சந்தேகம் வந்திருக்கும். உண்மையைப் போனில் சொன்னால் பாதியிலேயே திட்ட ஆரம்பித்துவிடுவாய். அதனால்தான் கடிதம். திட்டுவதாக இருந்தால் முழுவதும் படித்துவிட்டுத் திட்டு.

மழையில் கடற்கரைப் பக்கம் போகக் கூடாது என்று நீ சொன்னது நன்றாக நினைவிருந்தது. அதனால் குடை எடுத்துக்கொண்டு போனேன்.

மூன்று நாளாகப் படகுகள் கடலுக்குள் போகவில்லை. வாடைக்காற்று பலமாக அடிக்கிறது. 2022ல் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மாதிரி மழையெல்லாம் இல்லை, பயப்படாதே. தூறும், நிற்கும், திடீரென்று ஒரு பாட்டம் கொட்டும். தூண்டில் மாமாதான் காலையில் கூப்பிட்டார். "வாத்தியாரே, ஆத்துத் தண்ணி எறங்கி மொகத்துவாரம் கலங்கிக் கெடக்கு. மீனு கரைக்கு வந்திருக்கும்" என்றார். நீ வைத்த பேர்தான் இன்னும் அவருக்கு, தூண்டில் மாமா. அவர் பேரப்பிள்ளைகள்கூட அப்படித்தான் கேலி செய்கிறார்கள்.

தரங்கம்பாடி பஸ் நிறுத்தத்தில் இறங்கியதும் ஒரு பாட்டம் பிடித்துக்கொண்டது. டேனிஷ்காரர்கள் 1792ல் கட்டிய அந்த நகர வாயிலுக்கு அடியில் ஒதுங்கி நின்றோம். 1620ல் கோட்டை, 1706ல் பாதிரியார் சீகன்பால்கு வந்தார், 1845ல் ஊரை இங்கிலீஷ்காரனுக்கு விற்றார்கள் என்று எத்தனை வருஷம் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி இதே இடத்தில் பாடம் சொல்லியிருப்பேன். மழைக்கு ஒதுங்க நல்ல இடம் என்பது எனக்கு இப்போதுதான் தெரிந்தது. மாமா என் குடையைப் பார்த்து, "கடலுக்கே கொடை புடிக்கப் போறீங்களா?" என்று கேட்டார். அவர் தலையில் ஒரு உரச்சாக்கைக் கொங்காணி போட்டிருந்தார். கடற்கரைக்குப் போனதும் என் குடை இரண்டாவது காற்றிலேயே திரும்பிக்கொண்டது. சாக்கு கடைசிவரை சாக்காகவே இருந்தது.

மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோன பிறகு கருங்கல் கொட்டியிருக்கிறார்கள் அல்லவா, அதில் ஏறவில்லை. சத்தியமாக. மழையும் பாசியும் சேர்ந்தால் அந்தக் கல் எண்ணெய் தடவிய மாதிரி. கல் முடிகிற இடத்தில், மணலில்தான் நின்றோம். கிழங்கான் மீனுக்கு அதுதான் இடம். அலை மண்ணைக் கிளறுகிற இடத்தில் புழு பொறுக்க வரும்.

அப்போதே எனக்கு ஒன்று உறுத்தியிருக்க வேண்டும். மாமா எப்படித் தூண்டில் முள் கட்டுவார் என்று உனக்குத் தெரியும். நடந்துகொண்டே, பேசிக்கொண்டே, கையைக்கூடப் பார்க்காமல் கட்டி, பல்லால் தூண்டில் நரம்பைக் கடித்துத் துப்புவார். அன்று குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நரம்பு நுனியை எச்சிலில் நனைத்து, முள்ளின் காதுக்குள் விடப் பார்த்தார். பக்கத்தில் போனது. மறுபடியும் பக்கத்தில். நான்காவது தடவை, "மழத்தண்ணி கண்ணுல அடிக்கிது, நீங்க கோத்துக் குடுங்க" என்று என்னிடம் நீட்டினார். நானும் மழை என்றே நினைத்துக் கோத்துக் கொடுத்தேன்.

முதல் ஒரு மணி நேரம் பேத்தை மீன்தான். கணவாய்த் துண்டை முள்ளில் குத்திப் போடப் போட, கத்தரிக்கோலால் வெட்டினாற்போல் வெட்டிக்கொண்டு போனது. நீ சின்னதில் பேத்தையை உள்ளங்கையில் வைத்து, அது ஊதிப் பந்தாகும்வரை பார்த்துவிட்டு, "பாவம், விட்டுடுங்க மாமா" என்பாய். இரண்டு பேத்தையை உன் பேரைச் சொல்லி விட்டோம். அப்புறம் கிழங்கான் வந்தது. விரலில் டொக் டொக் என்று இரண்டு தட்டு, உடனே சுண்ட வேண்டும். எனக்கு மூன்று, அவருக்கு இரண்டு. எனக்கு அதிகம் கிடைப்பது எங்கள் சரித்திரத்திலேயே இல்லை.

மழை மறுபடி பிடித்தபோது அவர் நரம்பு விறைத்தது. சாக்கை இழுக்கிற மாதிரி ஒரே கனம், தட்டே இல்லை. அப்படி இழுத்தால் கெளுத்தி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். கரை நுரையில் வெள்ளை வயிறு புரண்டது. "பெருங்கெழங்கான்! அலை வாங்கிட்டுப் போறதுக்குள்ள அமுக்குங்க வாத்தியாரே!" என்று கத்தினார். என் கண்ணாடி முழுக்கத் தண்ணீர். அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று இடது கையால் அமுக்கினேன்.

கெளுத்திதான். அதன் பக்கத்துத் துடுப்பு முள் ஆள்காட்டி விரலின் அடியில் இறங்கிவிட்டது. வலி விரலில் நிற்கவில்லை பாப்பா, முழங்கை தாண்டி அக்குள்வரை ஏறியது. மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா கொடுத்தனுப்பிய ஃபிளாஸ்கைத் திறந்து, மூடி நிறைய டீயை ஊற்றி, முதலில் தன் விரலை விட்டுச் சூடு பார்த்துவிட்டு என் விரலை அதில் முக்கினார். ஆற ஆற ஊற்றினார். இஞ்சி தட்டிப் போட்ட டீ, அத்தனையும் விரலுக்கே போனது. அரை மணியில் வலி பாதி இறங்கியது. பொறையாரில் டாக்டர் முள் உள்ளே முறிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, டிடி ஊசி போட்டுவிட்டு, "அந்த விஷம் சூடு தாங்காது, டீயில் வைத்தது நல்ல காரியம்" என்றார். இப்போது வீக்கமும் இல்லை, காய்ச்சலும் இல்லை. இது நிஜம்.

ஆனால் கடிதம் இதற்காக இல்லை.

திரும்பும்போது மறுபடி அந்த வாயிலில் ஒதுங்கினோம். அவர் மழையையே பார்த்துக்கொண்டு நின்றார். ரொம்ப நேரம் கழித்து, "மீசை தெரியல வாத்தியாரே" என்றார்.

கெளுத்தியின் மீசையைச் சொல்கிறார். கட்டுமரக் காலத்தில், கரையிலிருந்தே தண்ணீர் நிறம் மாறுவதைப் பார்த்து மீன் கூட்டம் எங்கே என்று சொன்ன மனுஷன். கிளறிக் கிளறிக் கேட்டதில் வந்தது: போன வருஷமே கண் முகாமில் இரண்டு கண்ணிலும் புரை என்று சொல்லிவிட்டார்களாம். வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆபரேஷன் செய்தால் கண்ணில் தண்ணீர் படக் கூடாது, கடலுக்குப் போகக் கூடாது என்று எவனோ சொல்லிவிட்டான். ஆயுசுக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். சில வாரம்தான் என்று நான் சொன்னால், "நீங்க பள்ளிக்கூட வாத்தியாரு, கண்ணு டாக்டரா?" என்கிறார். என்னிடம் சொன்னதே என் விரலைக் குத்த வைத்த வருத்தத்தில். அம்மாவிடம்கூடச் சொல்லாதே என்று கையைப் பிடித்துக்கொண்டார். அதனால் அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

உன்னிடம் சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை. சொல்ல மறந்திருப்பார். அது என் தப்பா?

நீ சொன்னால் கேட்பார். உன் கல்யாணத்துக்குச் செருப்புப் போட வைத்தது நீதானே. ராத்திரி ஏழு மணிக்குமேல் கூப்பிடு, சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் இருப்பார். எடுத்ததும் மீனைப் பற்றிப் பேசு. கண்ணைப் பற்றி ஆரம்பித்தால் போனை வைத்துவிடுவார். தை பிறந்தால் நீ வருகிறாய், யார் எனக்கு முள் கட்டிக் கொடுப்பது என்று கேள். மற்றதை நீயே பார்த்துக்கொள்வாய்.

அந்தக் கெளுத்தியை அவர் எடுத்துப்போய், மறுநாள் குழம்பாக வைத்து அனுப்பினார். என்னைக் குத்தியவன், நன்றாகத்தான் இருந்தான்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: நீ வாங்கி அனுப்பிய ரீல் சுற்றவில்லை. உப்புத் தண்ணீர் பட்டதும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும் என்று நீ சொன்னதை மறந்துவிட்டேன். தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தேன், இன்னும் மோசமாகிவிட்டது. இப்போதைக்கு நரம்பை வாட்டர் பாட்டிலில் சுற்றி வைத்திருக்கிறேன். வேறு அனுப்பாதே.