துரு வடிந்த இடம்

ரெபாக் தீவு, லங்காவி
மே 11

மாப்ளே,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கவே கூச்சமாக இருக்கிறது. உன் அம்மா போய் இரண்டு மாதம் ஆகிவிட்டது, உனக்கு ஒரு வரி நான் எழுதவில்லை. செய்தி வந்த அன்று நாங்கள் தாய்லாந்தின் சுரின் தீவுகளில் நங்கூரம் போட்டுக் கிடந்தோம். அங்கே எங்கள் போனில் சிக்னலே இல்லை, கரைப் பக்கம் வந்து மூன்றாம் நாள்தான் நீ அனுப்பியது திறந்தது. உடனே கூப்பிட்டேன், ஆனால் அது ஒரு பேச்சா? காற்று இரைச்சலில் நீ ஒன்று சொல்ல நான் ஒன்று சொல்ல, கடைசியில் இரண்டு பேரும் சும்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு இருந்தோம். முப்பதாம் நாள் பூசைக்காவது வந்திருக்க வேண்டும். அந்நிய ஊரில் படகை யாரை நம்பி விட்டுவிட்டு வருவது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். வந்திருக்கலாம். வராதது தப்பு.

அம்மா நினைப்பு வந்தால் உங்கள் மொட்டைமாடிதான் கண்ணில் நிற்கிறது. உன் அப்பா தோணி மாலத்தீவிலிருந்து திரும்புகிற நாளில் காலையிலேயே மாடியேறிவிடுவார்கள், நம் இரண்டு பேரையும் கைப்பிடிச் சுவரில் நிற்கவைத்து "பாய் தெரியுதா பாருங்கலே" என்பார்கள். தெரிந்ததும் ஒன்றும் பேசாமல் இறங்கிப் போய் உலை வைப்பார்கள். இப்போது நானே பாய் விரித்துப் போகிற ஆள் என்பதால் அந்த மாடி இன்னும் அதிகமாக நினைவுக்கு வருகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் எங்களுக்கு ஒன்று நடந்தது. எங்கள் பெரிய பையனுக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறேன், நீயும் அவனிடம் வாய்விடாதே. முழுதாக யாரிடமாவது சொல்லவேண்டும், அதற்கு உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை.

நவம்பரில் வாடை பிடித்ததும் லங்காவியை விட்டுக் கிளம்பினோம். லிப்பே, ரோக், முக், லந்தா, பீபீ, புக்கெட், அப்புறம் வடக்கே சுரின் வரைக்கும். முக் தீவில் மலைக்கு அடியில் ஒரு குகை இருக்கிறது, எண்பது மீட்டர் இருட்டில் நீந்திப் போனால் மறுபக்கம் நாலாபுறமும் செங்குத்துப் பாறை, நடுவில் வெள்ளை மணல், மேலே வட்டமாக வானம். என் வீட்டுக்காரி, உன் தங்கச்சி, அங்கே உட்கார்ந்து அரை மணி நேரம் பேசவில்லை. அவள் அரை மணி நேரம் பேசாமலிருந்தாள் என்றால் அந்த இடம் எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும்.

கிராபியில் படகை நிறுத்திவிட்டு வேன் பிடித்து க்லோங் தோம் என்ற ஊருக்குப் போனோம். அங்கே ஒரு புத்தக் கோயிலை ஒட்டிய சின்ன அருங்காட்சியகத்தில் ஒரு கல், கைக்குள் அடங்குகிற அளவு. பொற்கொல்லர் பொன்னை உரசிப் பார்க்கிற உரைகல். அதில் பிராமி எழுத்தில், நம் தமிழில், "பெரும்பதன் கல்" என்று வெட்டியிருக்கிறது. கி.பி. மூன்று நான்காம் நூற்றாண்டு என்கிறார்கள். மாப்ளே, எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ராஜேந்திரன் 1025இல் கடாரத்துக்குப் படை அனுப்பியதை நமக்குப் பள்ளிக்கூடத்தில் பாடமாகவே வைத்தார்கள். அதற்கும் பல நூறு வருடம் முன்னால் படையும் இல்லாமல் கொடியும் இல்லாமல் ஒரு தட்டான் தன் கருவியில் தன் பெயரைப் போட்டுக்கொண்டு இந்தக் கடலைத் தாண்டி வேலைக்கு வந்திருக்கிறான். எனக்கு அவன்தான் நெருக்கமாகத் தெரிகிறான்.

"நாள் முழுக்கப் படகில் என்னடா செய்வாய்" என்று போன வருடம் கேட்டாயே, பதில் சொல்லவே இல்லை. வேலைதான் செய்வேன். இந்தச் சூட்டுக் கடலில் எதுவும் சும்மா இருப்பதில்லை. இரண்டு வாரம் ஒரே இடத்தில் கிடந்தால் புரொப்பெல்லரில் கொட்டலசு அப்பிக்கொள்ளும், மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கிச் சுரண்டவேண்டும். இரும்புக்குப் பதிலாகத் தான் கரைந்துபோகட்டும் என்று மாட்டியிருக்கும் துத்தநாகக் கட்டியை அரிப்பு தின்றுவிடும், மாற்றவேண்டும். எஞ்சினுக்குக் கடல் தண்ணீர் ஏற்றுகிற ரப்பர் சக்கரம், வெயிலில் இற்றுப்போகிற பாய்த் தையல், டீசலில் வளருகிற பூஞ்சை, இப்படி ஒன்று மாற்றி ஒன்று. எனக்கு இது அலுப்பதில்லை. முப்பத்தைந்து வருடம் கப்பல் எஞ்சின் அறையில் இருந்தவன், அதோடு தோணி கட்டுகிற ஓடாவி மகன். கையில் ஸ்பேனர் இருந்தால் மனசு நிம்மதியாக இருக்கிறது.

ஆனால் ஒரு வேலையை நான் செய்யவில்லை. அதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன்.

பாய்மரத்தை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்க எஃகு வடங்கள் இருக்கும். அவை படகின் உடலோடு சேருகிற இடத்தில் கனத்த ஸ்டெயின்லெஸ் பட்டை, செயின்பிளேட் என்பார்கள். எங்கள் படகில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு. மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கி, கேபின் மரப்பலகைக்குப் பின்னால் போல்ட்டில் நிற்கும். கண்ணில் படுகிற பாகம் நாலு விரல் அளவுதான். வலப்பக்க நடுப் பட்டையின் அடியில், உள்ளே பலகையில், ஒரு பழுப்புக் கோடு வடிந்திருக்கும். இரண்டு பருவமாக அதைப் பார்க்கிறேன். துணியை வினிகரில் நனைத்துத் துடைத்துவிடுவேன், மழை பெய்தால் மறுபடி வரும். மேலே சீலண்ட் வைத்து அடைத்தேன். வாங்குகிற சமயத்தில் படகைச் சோதித்துக் கொடுத்தவர் எழுதிய அறிக்கையில் "பட்டைகள் நல்ல நிலை" என்றுதான் இருந்தது. அவர் பலகையைக் கழற்றிப் பார்க்கவில்லை. நானும் கழற்றவில்லை. கழற்றினால் உள்ளே இருக்கும் தட்டு, விளக்கு, ஒயர் எல்லாவற்றையும் பிரிக்கவேண்டும், கரையேற்றும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஏப்ரல் நடுவில் திரும்பினோம். ரோக் தீவிலிருந்து விடியுமுன் கிளம்பி லிப்பே நோக்கி வந்துகொண்டிருந்தோம். பத்து மணி இருக்கும், தென்மேற்கே அடிவானத்தில் கறுப்பாக ஒரு கட்டு எழும்பியது. பாயைப் பாதியாகச் சுருக்கிவிட்டேன், முன்பாயையும் சுருட்டிக்கொண்டிருந்தேன், அதற்குள் வந்துவிட்டது. காற்று வேகம் முப்பத்தைந்து நாட், மழை பக்கவாட்டில் அடிக்கிறது. அதெல்லாம் எங்களுக்குப் பழக்கம்தான். அப்போதுதான் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம், வலப்பக்க வடம் தளத்தில் விழுந்து துள்ளியது. நிமிர்ந்து பார்த்தால் பாய்மரத்தின் மேல் பாதி தூண்டில் கம்பு மாதிரி வளைந்து நிற்கிறது.

நான் மரத்தடியில், சுக்கான் அவள் கையில். நான் கத்தியது அவளுக்குக் கேட்டிருக்காது. அவளே சுக்கானைத் திருப்பினாள், படகின் மூக்கு காற்றைக் கடந்து மறுபக்கம் விழுந்தது, இழுவை முழுவதும் இடப்பக்க வடத்துக்கு மாறியது. மரம் நிமிர்ந்தது. மூன்று நொடி, அல்லது நாலு. அவள் யோசித்துக்கொண்டிருந்தால் பதினாலு மீட்டர் அலுமினியம் என் தலைமேல் வந்திருக்கும். அறுபது வயதில் பாய் கட்டப் பழகியவள், மாப்ளே. கல்யாணத்துக்கு முன்னால் நம் ஊர் முயல் தீவைத் தாண்டிக் கடலே போகாதவள். (முயல் தீவு என்றதும் உனக்கு வயிற்றைப் புரட்டுமே! அந்த ஞாயிற்றுக்கிழமைக் கதையை அவளிடம் இன்னும் சொல்லவில்லை, பயப்படாதே.)

பாய்களை இறக்கி, மரத்தின் உச்சியிலிருந்து வருகிற, பாயை ஏற்றுகிற ஆஞ்சான் கயிறு ஒன்றை வலப்பக்கம் கொண்டுவந்து வின்ச்சில் முறுக்கி அதையே வடமாக வைத்துக்கொண்டு எஞ்சினில் மெதுவாக லிப்பே வந்து சேர்ந்தோம். நங்கூரம் போட்டதும் அவள் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு பலகையைக் கழற்றினேன்.

உடைந்த முகத்தைப் பார்த்தேன். ஐந்தில் நாலு பங்கு கறுப்பு, பழைய முறிவு. ஓரத்தில் ஒரு மெல்லிய கீற்று மட்டும் வெள்ளி மாதிரி பளபளவென்று, அன்றைக்கு உடைந்தது அவ்வளவுதான். அதாவது எத்தனையோ மாதமாக, நாங்கள் பீபீயில் மீன் வறுத்த அன்றைக்கும், சுரினுக்கு இரவெல்லாம் ஓடிய அன்றைக்கும், அந்தக் கீற்றுதான் பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காமல் இருப்பது மேலே காற்றுப் பட்டு உண்டாகிற மெல்லிய படலத்தால்தான். காற்றுப் போகாமல் உப்புத்தண்ணீர் மட்டும் தேங்குகிற இடுக்கில் அந்தப் படலம் அழிந்தால் திரும்ப வராது, அரிப்பு உள்ளுக்குள்ளேயே போகும், இந்த வெப்பத்தில் இன்னும் வேகமாக. இது எனக்குத் தெரியாத பாடம் இல்லை. கப்பலில் இதையே ஜூனியர் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நான் சீலண்ட் வைத்து அடைத்தேனே, அது தண்ணீரை வெளியேவிடாமல் அடைத்தது.

ரெபாக்கில் படகைக் கரையேற்றி ஆறு பட்டைகளையும் கழற்றிவிட்டேன். சிவப்புச் சாயம் பூசி, துடைத்து, மேலே வெள்ளைப் பொடி அடித்தால் விரிசல் இருக்கும் இடத்தில் சாயம் ஊறிச் சிவப்புக் கோடு எழும்பும். இன்னும் இரண்டில் எழும்பியது. க்லோங் தோம் தட்டான் ஞாபகம் வந்தது, அவன் கல்லில் உரசாமல் எந்தப் பொன்னையும் கையில் வாங்கியிருக்கமாட்டான்.

உன் தங்கச்சி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "கோடு வடியுதுன்னு உங்களுக்குத் தெரியும், எனக்கு ஏன் சொல்லலை?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். கோபமாகக் கூட இல்லை. எனக்குப் பதில் இல்லை மாப்ளே. அவளுக்குப் பயம் வரக்கூடாது என்று சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஆனால் சொன்னால் கழற்றிப் பார்க்கச் சொல்வாள் என்றுதான் சொல்லாமல் இருந்திருக்கிறேன். இப்போது ஒரு நோட்டு போட்டிருக்கிறோம். படகில் யார் கண்ணில் எது பட்டாலும் அதில் எழுதவேண்டும், இரண்டு பேரும் பார்த்த பிறகுதான் அடிக்கலாம். முதல் பக்கம் முழுக்க அவள் எழுத்து.

படகை விற்றுவிட்டு ஊருக்கு வா என்று நீ சொல்வாய். 2018இல் தனியாளாக உலகைச் சுற்றுகிற படகுப் பந்தயத்தில் நம் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் பாய்மரம் தெற்கு இந்தியப் பெருங்கடலில் முறிந்து, முதுகில் அடிபட்டு அசையமுடியாமல் கிடந்தவரைப் பிரெஞ்சுக் கப்பல் வந்து தூக்கியபோது, அந்தச் செய்தித்தாள் துண்டை எனக்கு அனுப்பியதே நீதான். அதே மனிதர் மறுபடி அதே பந்தயத்துக்குப் போய் 2023இல் இரண்டாவதாக வந்து சேர்ந்ததை நீ அனுப்பவில்லை, அதை நானே தேடிப் படித்தேன். அவர் எங்கே, நாங்கள் எங்கே, அது வேறு. விற்கவில்லை. அவளும் வேண்டாம் என்கிறாள். புதுப் பட்டைகள் பழையதைவிடக் கனமாக, 316எல் என்ற ஸ்டெயின்லெஸ் எஃகில், கூவாவில் ஒரு பட்டறையில் தயாராகின்றன. இந்தத் தடவை பலகைக்குப் பதில் கையால் திறக்கிற கதவு வைக்கிறேன், மாதத்துக்கு ஒரு முறை டார்ச் அடித்துப் பார்க்க.

இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது, அதற்கு உன் உதவி வேண்டும். பட்டை இறங்குகிற இடத்தில் தண்ணீர் மேல்தளத்துக்குள்ளும் போயிருக்கிறது. இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே லேசான மரம் வைத்திருப்பார்கள், அது ஊறி எதுவரை அழுகியிருக்கிறது என்று வெளியே தெரியாது, தட்டித்தான் கண்டுபிடிக்கவேண்டும். நல்ல இடம் கணீர் என்கும், கெட்டது மொத்து மொத்து என்கும். இங்கே ஒரு வெள்ளைக்காரர் பிளாஸ்டிக் சுத்தியல் கொடுத்தார், அதில் எனக்குக் காது பிடிபடவில்லை. எங்கப்பா பலகை இடுக்கை அடைத்துக் கலப்பத்து அடிக்கும் முன்னால் தோணிப் பலகை பலகையாகத் தட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, நம்மைச் சத்தம் போடாதீங்கலே என்று விரட்டுவாரே, அந்தச் சின்னச் சுத்தியல் உங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. அவர் இறந்த வருடம் உன் அம்மாதான் எங்கம்மாவிடமிருந்து வாங்கி வைத்தார்கள், "உன் மவன் கப்பல்ல சுத்துறான், தொலைச்சிருவான்" என்று. காம்பு புளியமரம், ஒரு பக்கம் தேய்ந்திருக்கும்.

அம்மா சாமான்களை இன்னும் நீ தொடவில்லை என்று உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி, சொன்னாள். அவசரமில்லை. ஆனால் பரணில் ஏறுகிற அன்றைக்கு அதை எடுத்து வை. பார்சலில் போடாதே, கையில் கொண்டு வா. திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து லங்காவிக்குச் சின்ன விமானம். படகு கரையில் கட்டைமேல்தான் நிற்கிறது, ஜூலை வரை ஆடாது, உன் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது. கருப்பட்டி இரண்டு கிலோ, மாசிக் கருவாடு கொஞ்சம். தங்கச்சியையும் கூட்டி வா.

தேதி எழுது.

உன்,
ஓடாவி மவன்