ஐடோலிஷ் செவன் சப்டைட்டில்: கோளாறு எங்கள் போனில் இல்லை, உங்கள் கோப்பில் இருக்கிறது

அனுப்புநர்: ஆண்டுச் சந்தாதாரர்கள் சிலர், சென்னை
பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர், ஓடிடி சேவைப் பிரிவு

பொருள்: ஐடோலிஷ் செவன் அனிமே தொடரின் ஆங்கில சப்டைட்டில், எபிசோட் வரிசை தொடர்பான புகார்

ஐயா / அம்மையீர்,

ஐடோலிஷ் செவன் என்ற ஏழு பேர் கொண்ட பாடகர் குழுவின் கதையான மேற்படி தொடரின் மூன்று சீசன்களும் உங்கள் ஆப்பில் உள்ளன. படத்திலும் ஒலியிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. சப்டைட்டில்தான் பார்க்க விடாமல் செய்கிறது. முந்தைய புகாருக்கு ‘கேஷை அழித்துவிட்டு ஆப்பை மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள்’ என்று பதில் அனுப்பினீர்கள். போன், டிவி, லேப்டாப் மூன்றிலும் எழுத்தின் நேரம் ஒரே இடத்தில் ஒரே அளவு பிசகுவதால், அந்த வைத்தியம் இதற்கு உதவாது.

இரண்டாம் சீசனான ‘செகண்ட் பீட்’டில் எந்த எபிசோடையும் திறந்து பாருங்கள். முதல் வசனம் வாயசைவோடு ஒட்டி வரும். 12ஆவது நிமிடத்தில் எழுத்து முக்கால் நொடி முந்திவிடும். 23ஆவது நிமிடத்தில் ஏறத்தாழ 1.4 நொடி. நெட் வேகம் காரணமென்றால் இடைவெளி கூடியும் குறைந்தும் இருக்கும். கோப்பு மொத்தமாகத் தள்ளிப் போயிருந்தால் முதலிலிருந்து கடைசிவரை ஒரே அளவாக இருக்கும். இப்படிச் சீராக வளர்கிறதென்றால் பிரேம் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை படச்சட்டம் என்ற கணக்கு, பொருந்தவில்லை. வீடியோ நொடிக்கு 23.976 பிரேம், சப்டைட்டிலின் நேரக்குறிகளோ 24 பிரேம் கணக்கில் போட்டவை. வித்தியாசம் ஆயிரத்துக்கு ஒன்று. நேரக்குறி ஒவ்வொன்றையும் 1.001ஆல் பெருக்கினால் சரியாகிவிடும். சப்டைட்டில் எடிட்டர்களில் இதற்கென்றே வசதி இருக்கிறது, 15 எபிசோடுக்கும் சேர்த்து அரை நாள் வேலைகூட இல்லை. தயவுசெய்து மொத்தக் கோப்பையும் 1.4 நொடி தள்ளி வைத்துவிடாதீர்கள். கடைசிக் காட்சி சரியாகும், முதல் காட்சி கெட்டுப்போகும்.

ஒன்றரை நொடிகூட இல்லாததற்கு இத்தனை பாடா என்று கேட்கலாம். ஏழு பேர் ஒரே அறையில் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிடும் தொடர் இது. அந்தக் குழுவின் தமாகி செய்யும் குறும்பு, உடன் பாடும் சோகோ வாய் திறக்கும் முன்பே அவர் பதிலோடு சேர்ந்து திரையில் வந்து நின்றால் சிரிப்பு எங்கிருந்து வரும்?

அடுத்தது பெயர்க் குழப்பம், இது இன்னும் மோசம். ஐடோலிஷ் செவன் குழுவில் மிட்சுகியும் இயோரியும் அண்ணன் தம்பி, குடும்பப் பெயர் இஸுமி. மூன்றாம் சீசனான ‘தேர்ட் பீட்’டில் எதிரணியாக வரும் ஸூல் குழுவின் ஹாருகாவுக்குக் குடும்பப் பெயர் இசுமி. ஜப்பானிய எழுத்தும் வேறு, உச்சரிப்பும் வேறு. உங்கள் கோப்பில் மூவருக்கும் ஒரே எழுத்துக்கூட்டு. ஹாருகாவைப் பற்றிய வசனம் இயோரியின் தலையில் விழுகிறது. ‘எல்லாவற்றையும் மாற்று’ பொத்தானை அமுக்கி இதைத் திருத்த முடியாது, அண்ணன் தம்பி இருவரும் உண்மையிலேயே இஸுமிகள்தான். யார் யாரைச் சொல்கிறார் என்று காட்சிவாரியாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். கூடவே இன்னொன்று: ஐடோலிஷ் செவன் குழுவின் ரிகுவும் ட்ரிகர் குழுவின் டென்னும் இரட்டையர்கள். டென் குஜோ என்ற வேறு குடும்பப் பெயருக்கு மாறி, போட்டிக் குழுவில் நின்ற பிறகும் ரிகு அவரை ‘டென் அண்ணா’ என்றுதான் கூப்பிடுகிறார். சப்டைட்டிலில் வெறும் ‘டென்’. இந்தத் தொடரின் பகையும் பாசமும் அந்த ஒரு விளியில் இருக்கிறது, அதை வெட்டுவதில் என்ன மிச்சம்?

பாடல் காட்சிகளில் வெறும் இசைக்குறி மட்டும் ஓடுகிறது. வரிகளை மொழிபெயர்த்துப் போடத் தனி அனுமதி வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியும். கிடைக்காவிட்டால் போகட்டும், பாடுவது எந்தக் குழு, பாட்டின் தலைப்பு என்ன என்றாவது போடுங்கள். நான்கு குழுக்கள் மேடையில் மோதும் கதையில் அதுகூட இல்லாமல் புதிதாகப் பார்ப்பவர் திணறுகிறார்.

எபிசோட் வரிசையையும் பாருங்கள். ‘தேர்ட் பீட்’ மொத்தம் 30 எபிசோட்: 2021 ஜூலையில் தொடங்கியவை 13, 2022 அக்டோபரில் தொடங்கியவை 17. பிந்தைய 17ஐத் தனித் தலைப்பில் வைத்து 1 முதல் எண் போட்டிருக்கிறீர்கள். அதனால் 13ஆவது முடிந்ததும் ஆட்டோபிளே நேராக முதல் சீசனின் முதல் எபிசோடுக்குத் தாவுகிறது. 14 முதல் 30 வரை எண் மாற்றி ஒரே பட்டியலில் சேர்த்தால் போதும்.

எங்கள் கோரிக்கை: திருத்திய சப்டைட்டில் கோப்புகள், சரியான வரிசை, இவை ஏறும் தேதி எழுத்தில். அதுவரையிலான காலத்தைச் சந்தாவில் நீட்டித்துத் தர வேண்டும். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதற்கான ஒப்புகையும், ஒரு மாதத்தில் தீர்வும் தர வேண்டியது உங்கள் கடமை. தவறினால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வோம். நேரப் பிசகு தெரியும் மூன்று எபிசோடுகளின் திரைப்பதிவு இணைக்கப்பட்டுள்ளது.

இப்படிக்கு,
சந்தாதாரர்கள்