கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி

ஆசிரியருக்கு வணக்கம். வடசென்னையில் வயதானவர்கள் யாரையாவது ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு வழி கேட்டுப் பாருங்கள், "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரியா?" என்று திருப்பிக் கேட்பார்கள். கிண்டல் இல்லை, பிறந்த கதையே அதுதான். ஹைதர் அலி போர்க்காலத்துப் பஞ்சத்தில், 1782 வாக்கில், பட்டினியோடு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம்தான் இதன் வேர். அப்புறம் 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற டாக்டர் அங்கே மருத்துவமனை தொடங்கினார். கவர்னர் ஸ்டான்லி பெயரில் மருத்துவக் கல்லூரி வந்தது 1938இல். கஞ்சி ஊற்றியவர் பெயரை விட்டுவிட்டு கவர்னர் பெயரை வைத்ததில் எனக்கு இன்றும் கொஞ்சம் வருத்தம்தான், சரி, போகட்டும்.

ஆனால் இங்குள்ள கை அறுவை சிகிச்சைப் பிரிவு பற்றிப் பலருக்குத் தெரியாது. பேராசிரியர் வெங்கடசுவாமி வளர்த்த பிரிவு அது. அச்சகத்தில் வேலை பார்த்த என் மாமாவின் இரண்டு விரல்கள் கட்டிங் மிஷினில் மாட்டியபோது, பக்கத்துக் கிளினிக்கில் எடுத்துவிடலாம் என்றார்கள், ஸ்டான்லியில்தான் தைத்துக் காப்பாற்றினார்கள், அதன்பின் மாதக்கணக்கில் ரப்பர் பந்தை அமுக்க வைத்துப் பயிற்சி, ஒரு பைசா வாங்கவில்லை. இப்போது சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கொள்கிறார்.

பழைய ஜெயில் ரோடு பக்க வாசலில் இந்தக் கஞ்சிக் கதையை நாலு வரி தமிழில் எழுதிப் பெரிய பலகையாக வைத்தால் என்ன?

- ஒரு வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை