செயலாளர் ஆண்டறிக்கை 2025-26: 12 லாகின், 4 சனிக்கிழமை

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, மெட்ரோ வேலைக்குத் தோண்டிப் போட்ட சாலைகளையெல்லாம் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கும், கம்பெனிகளுக்கு ஆளெடுத்துக் கொடுக்கும் நம் சங்கத்து உறுப்பினர்களே, வணக்கம்.

வழக்கமானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி தாக்கல் செய்யவேண்டிய கணக்கும் உறுப்பினர் பட்டியலும் தயார். செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. டிசம்பர் கூட்டம் மட்டும் மழையால் போனிலேயே முடிந்தது. தணிக்கையாளர் குறை எதுவும் சொல்லவில்லை, காபிச் செலவு அதிகம் என்றதைத் தவிர. சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயரைப் படிக்கப்போவதில்லை. அவர்களுக்கே தெரியும்.

ஆண்டு முழுக்க நம் கூட்டங்களில் ஓடியது ஒரே பேச்சுதான்: மென்பொருளுக்கு எவ்வளவு, பயிற்சிக்கு எவ்வளவு. இரண்டு மூன்று பேரை வைத்து கன்சல்டன்சி நடத்தும் உறுப்பினர்களுக்காக, ஆளெடுப்பு மென்பொருள் ஒன்றைச் சங்கத்தின் பெயரில் வாங்கினோம். 12 லாகின், ஓராண்டு ஒப்பந்தம், முழுப் பணமும் முன்கூட்டியே, அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. முன்மொழிந்தவன் நான்தான். பயிற்சிக்கு "மிச்சத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று மினிட்ஸில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. மிச்சம் எவ்வளவு இருந்தது என்பது பொருளாளரின் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

டெமோவில் எல்லாம் அழகாகத்தான் ஓடியது. நம்மிடம் இருந்த ரெஸ்யூம்களைப் போட்டபோதுதான் வம்பு. பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப்பெயருக்கு ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப்பெயர்? நௌக்ரி வேலைத்தளத்தில் எஸ். கார்த்திக் என்று இருப்பவர் லிங்க்ட்இன்னில் கார்த்திக் எஸ். பாஸ்போர்ட்டில் கார்த்திக் சுப்பிரமணியன். மூன்று பேர் என்று மென்பொருள் முடிவு கட்டிவிட்டது. நம் உறுப்பினர்கள் இருவர் ஒரே ஆளை ஒரே கிளையன்ட்டுக்கு அனுப்பினார்கள். யாருடைய கேண்டிடேட் என்று நீங்களே பேசி முடியுங்கள் என்று கிளையன்ட் கையை விரித்துவிட்டார். கமிஷன், ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது அந்த ஆளின் ஒரு மாதச் சம்பளம், இருவருக்குமே கிடைக்காமல் போனது. பேச்சுவார்த்தையும் போனது, இன்று இருவரும் மண்டபத்தின் இரண்டு மூலைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பழியை மென்பொருள்மேல் போட்டுவிட்டால் எனக்கு வசதி. ஆனால் மொபைல் எண்ணை வைத்து ஒரே ஆளைக் கண்டுபிடிக்கும் வசதி அதிலேயே, செட்டிங்ஸுக்குள் மூன்றாவது பக்கத்தில் இருந்தது. அதை நாங்கள் கண்டுபிடித்தது ஜனவரியில். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. தீபாவளி வருவதற்குள்ளேயே 12 பேரில் 4 பேர்தான் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் பழையபடி எக்செல்லுக்குத் திரும்பிவிட்டார்கள்.

அப்புறம்தான், கையில் காசில்லாத நிலையில், பயிற்சி தொடங்கியது. அம்பத்தூரில் ஓர் உறுப்பினரின் ஆபீஸ் மாடி, 4 சனிக்கிழமை. செலவு டீயும் மசால் வடையும்.

முதல் சனிக்கிழமையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றுக்கு சிஎன்சி புரோகிராமர், அதாவது கம்ப்யூட்டரில் ஓடும் இயந்திரங்களுக்கு நிரல் எழுதுபவர், தேவை. அதற்காகப் பேசிய கால் ஒன்றின் பதிவை, சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுக்கொண்டு, பெயரை நீக்கிவிட்டு ஓடவிட்டோம். ரெக்ரூட்டர் தம்பி அனுபவம், இப்போதைய சிடிசி (கம்பெனி ஓராண்டில் அவருக்காகச் செய்யும் மொத்தச் செலவு), எதிர்பார்ப்பு, நோட்டீஸ் பீரியட் என்று வரிசையாகக் கேட்கிறார். மென்பொருளில் கட்டங்கள் எல்லாம் பச்சையாகின்றன. நடுவில் அந்த மனிதர் இரண்டு முறை கேட்கிறார்: "கம்பெனி பஸ் எந்தப் பக்கம் சார் வரும்?" இரண்டு முறையும் ஒரே பதில்: "அதெல்லாம் எச்ஆர் சொல்வாங்க சார்." ஆஃபர் லெட்டர் வாங்கினார். சேரவேண்டிய அன்று போன் ஸ்விட்ச் ஆஃப்.

மூத்த உறுப்பினர் அக்கா பதிவை நிறுத்தி, "அவர் வீடு எங்கே?" என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. திரும்ப ஓடவிட்டால், நான்காவது நிமிடத்தில் அவரே சொல்கிறார், திருநின்றவூர் என்று. ஒருவர் காதிலும் விழவில்லை, என் காதிலும்தான். அந்தத் தம்பி மறுவாரமே தன் கேள்வித்தாளில் வீடு, ஷிஃப்ட், பஸ் மூன்றையும் சம்பளத்துக்கு மேலே ஏற்றிவிட்டார்.

இன்னொரு வாரம் சம்பளக் கணக்கு. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, கேண்டிடேட் கேட்கும் முதல் கேள்வி "கையில் வருவது குறையுமா?" என்பதுதான். மொத்தச் சம்பளத்தில் பாதியாவது, பி.எஃப். போன்றவற்றுக்கான ஊதியக் கணக்கில் வரவேண்டும் என்பது புதிய விதி. பி.எஃப். 15,000 ரூபாய் உச்சவரம்பில் பிடிக்கும் இடத்தில் அதனால் பிடித்தம் அதிகமாகாது. முழு ஊதியத்துக்கும் பிடித்தால் அதிகமாகலாம். இதைப் போனில் இரண்டு நிமிடத்தில் விளக்கத் தெரிந்தவரிடம்தான் கேண்டிடேட் தங்குகிறார். மூன்றாவது வாரம் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன, அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகும் என்று கேட்டதும் நம் வாட்ஸ்அப் குழுவில் ரெஸ்யூம்களை மொத்தமாக வீசும் பழக்கம் சட்டென்று அடங்கியது. நான்காவது வாரம் அந்த மென்பொருளேதான்.

ஐடி கம்பெனிகள் நிறைந்த சென்னை ஓஎம்ஆர் சாலைப் பக்கத்து உறுப்பினர்களுக்கு என் பேச்சில் உடன்பாடில்லை. ஓர் ஐடி வேலைக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் வரும்போது கையால் சலிக்க முடியாது என்கிறார்கள். நியாயம்தான். ஆனால் ரெஸ்யூமுக்கு மார்க் போடும் ஏஐ வசதியையும் சேர்த்து வாங்கலாம் என்றபோது நான் மறுத்தேன். அமேசான் தனக்கென உருவாக்கிய அப்படியொரு கருவி, பழைய ரெஸ்யூம்களைப் பார்த்துப் பழகி, பெண்களைக் குறிக்கும் சொல் வந்தாலே மார்க்கைக் குறைத்தது. அதைக் கைவிட்ட செய்தி 2018-இல் வெளிவந்தது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி. போடும் மார்க்கைச் சந்தேகப்படத் தெரிந்த ஆட்கள் நம்மிடம் எத்தனை பேர்?

சரி, வரும் ஆண்டுக்குச் செயற்குழு வைக்கும் யோசனை: லாகின் 12-லிருந்து 5. குறைவதால் மிஞ்சும் தொகை முழுக்கப் பயிற்சிக்கு, அதுவும் பட்ஜெட்டில் முதல் வரியாக. இரண்டு பயிற்சிக்காவது வந்தவர்களுக்கே லாகின். புதிதாக எதை வாங்கினாலும், இனிஷியல் உள்ள நம் பெயர்கள் பத்தைக் கொடுத்து, எங்கள் கண்முன்னே போட்டுக் காட்டுங்கள் என்று கேட்பது. செயற்குழுவில் ஓட்டு சரிபாதியாகப் பிரிந்து, தலைவர் ஓட்டால்தான் இது தேறியது. அதனால் இங்கே தாராளமாக எதிர்த்துப் பேசலாம்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். அதற்குமுன் ஒன்று: 12 லாகினில் இரண்டின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று இன்றுவரை தெரியவில்லை. வைத்திருப்பவர்கள் சாப்பாட்டுக்குப் போகுமுன் என்னிடம் சொல்லிவிடுங்கள்.

செயலாளர்